தண்ணீருக்கான டெண்டர் பிறகு வெளியாகும்

இன்னைக்கு எபிசோடு என்னோட ஒரு தப்புல இருந்து ஆரம்பிக்குது.

2019 நவம்பர் 28. வேலூர் மாவட்டத்தைப் பிரிச்சு எங்க ராணிப்பேட்டையைத் தனி மாவட்டமா தொடங்கி வெச்ச நாள். அன்னைக்கு ராத்திரி நான் சும்மா இருக்காம, அரசு அறிவிப்பு நடையில் நாலு வரி எழுதி குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல போட்டேன். புது மாவட்டத்தின் முதல் திட்டமாக ராணிப்பேட்டைக்கும் ஆற்காட்டுக்கும் நடுவே பாலாற்றில் படகுப் போக்குவரத்து தொடங்கும், வேலைக்கு உள்ளூர்க்காரர்களுக்கு முன்னுரிமை. கடைசி வரி: தண்ணீருக்கான டெண்டர் பிறகு வெளியாகும்.

எங்க ஊர்ப்பக்கம் வராதவங்களுக்கு ஒரு விஷயம் சொல்லணும். பாலாறு வருஷத்துல பெரும்பாலான நாள் மணல்தான். பாலத்துல பஸ்ல போனா கீழே கிரிக்கெட் ஆடுற பசங்களைப் பார்க்கலாம். அதனால ஊர்ல இருக்கிற யாருக்கும் கடைசி வரியே தேவையில்லை, "படகு"ன்ன உடனே சிரிச்சிருப்பாங்க.

ஆனா மெசேஜ் ஊரைத் தாண்டிடுச்சு. பெங்களூர் சொந்தக்காரங்க யாரோ கடைசி வரியை வெட்டி ஃபார்வர்டு பண்ணியிருக்காங்க. வேணும்னா, தெரியாமலான்னு இன்னைக்கும் தெரியல. மூணு நாள் கழிச்சு ஒரு மாமா போன் பண்ணார். டேனரில இருபது வருஷத்துக்கு மேல சுண்ணாம்புத் தொட்டியில நின்னவர், அப்போ வேலை போய் வீட்ல இருந்தார். "ஏம்பா, படகுத்துறைல வாட்ச்மேன் வேலைக்கு எங்க எழுதிப் போடணும்?"

என்னால சிரிக்க முடியல.

வரலாற்றுல இந்த மாதிரி நிறைய நடந்திருக்கு. 1702 டிசம்பர், லண்டன். பேர் போடாம ஒரு சின்னப் பிரசுரம் வெளிவருது. இங்கிலாந்து திருச்சபையை ஏத்துக்காதவங்களை நாடு கடத்தணும், அவங்க போதகர்களைத் தூக்குல போடணும்னு அதுல எழுதியிருக்கு. எழுதினவர் டேனியல் டீஃபோ. ஆமா, பின்னாடி ராபின்சன் குரூசோ எழுதினாரே, அவரேதான். அவரும் அந்த ஏத்துக்காத கூட்டத்துல ஒருத்தர்! எதிராளிங்க பேச்சை அவங்க குரல்லயே கொஞ்சம் நீட்டி எழுதினா, அதோட கொடூரம் அவங்களுக்கே தெரியும்னு நினைச்சார். ஆனா எதிராளிங்கள்ல சில பேர் "அருமை"ன்னு பாராட்டினாங்க. இவர் ஆளுங்க பயந்துட்டாங்க. உண்மை வெளியானதும் ரெண்டு பக்கமும் கோபம். 1703 ஜூலையில தலையையும் கையையும் மரச்சட்டத்துல பூட்டி மூணு நாள் லண்டன் தெருக்கள்ல நிறுத்தினாங்க.

டீஃபோ செஞ்சதும் நான் செஞ்சதும் ஒரே தப்புன்னு சொல்லிக்கிட்டா கொஞ்சம் பெருமையாத்தான் இருக்கு. அவர் பிரசுரத்துல பேர் இல்ல, என் மெசேஜ்ல கடைசி வரி இல்ல. இது இன்னார் பண்ற கிண்டல்னு காட்டுற சட்டகம் ரெண்டுலயும் காணாம போச்சு. அச்சுப் பத்திரிகையில அந்தச் சட்டகம் தானாவே இருந்துச்சு. 1970 ஜனவரியில சோ தொடங்கின துக்ளக்கை வாங்கும்போதே, கையில இருக்கிறது என்ன மாதிரி பத்திரிகைன்னு வாசகருக்குத் தெரியும். ஸ்க்ரீன்ஷாட்டுக்கு அட்டை கிடையாது. 2012ல அமெரிக்க நையாண்டிப் பத்திரிகை 'தி ஆனியன்', உலகத்துலயே கவர்ச்சியான ஆண் வடகொரியாவோட கிம் ஜாங் உன்தான்னு அறிவிச்சது. சீனாவோட பீப்பிள்ஸ் டெய்லி இணையதளம் அதை நம்பி, 55 பக்கத்துக்கு அவர் போட்டோக்களைப் போட்டு வெளியிட்டுச்சு.

சட்டகம் இருந்தா மட்டும் போதுமான்னு கேட்டா, நம்ம ஊர் கதை வேற மாதிரி. 1987 மார்ச் 29 தேதியிட்ட ஆனந்த விகடன். அட்டையில ஒரு ஜோக். மேடையில உட்கார்ந்திருக்கிறவங்கள்ல யார் எம்.எல்.ஏ., யார் மந்திரின்னு ஒருத்தர் விளக்குறார். ஒருத்தருக்கு பிக்பாக்கெட் சாயல், இன்னொருத்தருக்கு முகமூடிக் கொள்ளைக்காரன் சாயல். அவ்வளவுதான். எந்தக் கட்சி, எந்த ஆள், ஒண்ணும் கிடையாது. நகைச்சுவைக்கே பேர் போன பத்திரிகை, படம் போட்ட ஜோக். இதை யாராவது செய்தின்னு நினைப்பாங்களா? ஆனா எம்.ஜி.ஆர். முதல்வரா இருந்த அந்தச் சட்டமன்றம், பி.எச். பாண்டியன் சபாநாயகரா இருந்தப்போ, இதை உரிமை மீறல்னு சொல்லி ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு மூணு மாசம் கடுங்காவல் தண்டனை கொடுத்துச்சு. அவர் மன்னிப்பு கேட்கல. பெரிய எதிர்ப்பு கிளம்பினதால சில நாள்லயே வெளியே விட்டாங்க. அவர் விடாம வழக்குப் போட்டார். 1994ல உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பு சொல்லி, அடையாளமா 1,000 ரூபாய் நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது. அந்தப் பணத்தை அவர் செலவு பண்ணல, ஃபிரேம் போட்டு மாட்டிக்கிட்டார்.

இங்க கிண்டல்னு புரியலையேங்கிறது பிரச்னையே இல்ல. பேரே சொல்லாத ஜோக்குல, அது நாங்கதான்னு சபையே எழுந்து நின்னதுதான் எனக்கு அந்த ஜோக்கை விடப் பெரிய ஜோக்கா தெரியுது. "புரியல"ங்கிறது சில நேரம் அதிகாரத்துக்கு வசதி.

அதே விகடனோட இணையதளத்தை 2025 பிப்ரவரியில முடக்கினாங்க. ட்ரம்ப் பக்கத்துல பிரதமர் மோடி விலங்கு மாட்டி உட்கார்ந்திருக்கிற மாதிரி கார்ட்டூன். அதுக்குச் சில நாள் முன்னாடிதான் அமெரிக்கா இந்தியர்களை விலங்கு பூட்டி விமானத்துல திருப்பி அனுப்பியிருந்தது. அந்தச் செய்தி தெரிஞ்சவருக்கு விலங்கு எங்கிருந்து வந்ததுன்னு புரியும். இருபது வருஷம் கழிச்சு படத்தை மட்டும் பார்க்கிறவர் என்ன நினைப்பார்? பாலாறு மணல்னு தெரியாத பெங்களூர்க்காரர் மாதிரிதான்.

மாமா கதைக்கு வரேன். அன்னைக்கே உண்மையைச் சொல்லிட்டேன். "ஓ, தமாஷா"ன்னு போனை வெச்சிட்டார். ரெண்டு வருஷம் அதைப் பத்திப் பேசவே இல்ல.

2021 நவம்பர்ல பாலாத்துல பெரிய வெள்ளம். கரைக்குக் கரை தண்ணி ஓடுச்சு. அன்னைக்குக் காலையில மாமாகிட்ட இருந்து ஒரு மெசேஜ். சிரிப்பு எமோஜி இல்ல, ஆச்சரியக்குறி இல்ல.

"தண்ணி வந்துடுச்சு. படகு எப்போ?"

கிண்டலா, நிஜமா? நான் இன்னும் பதில் போடல.