பல வரைகலை அட்டைகள் கொண்ட கணினிக்கான மையச்செயலி

பல வரைகலை அட்டைகள் கொண்ட கணினி என்பது, ரெண்டரிங் எனப்படும் படவாக்கப் பணிக்காக ஒரே தாய்ப்பலகையில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட வரைகலை அட்டைகளைப் பொருத்தி அமைக்கப்படும் கணினி ஆகும். அசைபடம், கட்டடக்கலைக் காட்சிப்படம், விளம்பரப் படம் ஆகியவற்றை உருவாக்கும் சிறு பணிமனைகளில் இது பயன்படுகிறது. கணிப்பின் பெரும்பகுதியை அட்டைகளே செய்வதால், இதற்கான மையச்செயலியைத் தெரிவு செய்யும் முறை பிற கணினிகளுக்கான முறையிலிருந்து வேறுபடுகிறது. கோர்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்து வாங்குவது இதில் பரவலாக நிகழும் தவறாகும். அட்டைக்குச் செல்ல வேண்டிய பணம் அதனால் செயலியில் முடங்குகிறது.

பிசிஐ எக்ஸ்பிரஸ் தடங்கள்

வரைகலை அட்டைகள் மையச்செயலியுடன் பிசிஐ எக்ஸ்பிரஸ் தடங்கள் வழியாக இணைகின்றன. 2003ஆம் ஆண்டு வெளியான முதற் பதிப்பில் ஒரு தடம் ஒரு திசையில் நொடிக்கு 250 மெகாபைட்டு கடத்தியது. நான்காம் பதிப்பில் இது ஏறத்தாழ 2 ஜிகாபைட்டாகவும், ஐந்தாம் பதிப்பில் ஏறத்தாழ 4 ஜிகாபைட்டாகவும் உயர்ந்தது. ஓர் அட்டை 16 தடங்கள் வரை பயன்படுத்தும்.

தடங்களில் இரு வகை உண்டு. சில செயலியிலிருந்து நேரடியாக வருபவை. மற்றவை சிப்செட் வழியாக வருபவை. இவ்வேறுபாட்டை விழுப்புரம் சந்திப்பைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். கடலூர், விருத்தாசலம், புதுச்சேரி ஆகிய திசைகளிலிருந்து விழுப்புரம் வழியாகச் சென்னை செல்லும் தொடர்வண்டிகள் யாவும் அதன் பின்னர் திண்டிவனம் வழியான ஒரே இருப்புப்பாதையில்தான் செல்ல வேண்டும். சந்திப்பில் எத்தனை கிளைகள் சேர்ந்தாலும் அப்பாதையின் கொள்ளளவு கூடுவதில்லை. சிப்செட்டும் அத்தகைய சந்திப்பே. அதில் இணைந்த சேமிப்பகம், யூஎஸ்பி, வலையமைப்பு, கூடுதல் அட்டை அனைத்தும் செயலிக்குச் செல்லும் ஒரே இணைப்பைப் பகிர்ந்துகொள்கின்றன. எனவே விளம்பரத்தில் காணப்படும் மொத்தத் தட எண்ணிக்கையை விடச் செயலியின் நேரடித் தடங்களே கருத்திற்கொள்ளத் தக்கவை.

ஒரே வரிசைச் செயலிகளிலும் இவ்வெண்ணிக்கை மாறுபடும். 2014இல் வெளியான இன்டெல் கோர் ஐ7-5820கே, ஐ7-5930கே ஆகிய இரண்டும் ஆறு கோர்கள் கொண்டவை. முன்னதில் 28 தடங்களும் பின்னதில் 40 தடங்களும் இருந்தன. 2017இல் ஏஎம்டி நிறுவனத்தின் முதல் திரெட்ரிப்பர் 64 தடங்களுடன் வந்தது. 2020இல் வெளியான திரெட்ரிப்பர் புரோ 128 தடங்களை அளித்தது.

எனினும் படவாக்கத்திற்கு ஒவ்வோர் அட்டைக்கும் 16 தடங்கள் கட்டாயம் அல்ல. காட்சித் தரவு அட்டையின் நினைவகத்தில் ஒருமுறை ஏற்றப்பட்டபின் கணிப்பு அங்கேயே நடக்கிறது. ஆகையால் 8 தடங்களிலும் வேக இழப்பு பொதுவாகச் சிறிதே. காட்சி அட்டையின் நினைவகத்தில் அடங்காமல் முதன்மை நினைவகத்தை நாடும்போதுதான் இழப்பு பெரிதாகும். இரண்டு அட்டைகளுடன் நின்றுவிடுபவருக்கு, 16 தடங்களை எட்டு எட்டாகப் பிரிக்கும் தாய்ப்பலகையும் சாதாரண மேசைக்கணினிச் செயலியும் போதுமானவை. மூன்று, நான்கு அட்டைகளுக்கே பணிநிலையச் செயலி தேவைப்படுகிறது.

ஒற்றைக் கோரின் வேகம்

ஒவ்வொரு சட்டகத்திற்கும் முன்பாக வடிவங்களைத் திரட்டுதல், இழைப்படங்களைப் படித்தல் முதலிய ஆயத்தப் பணிகளை மையச்செயலி செய்கிறது. இவற்றுட் பல ஒற்றைக் கோரில் நடப்பவை. எடுத்துக்காட்டாக, ஆயத்தத்திற்கு 20 நொடியும் ஓர் அட்டையில் படவாக்கத்திற்கு 40 நொடியும் ஆகும் எனக் கொள்வோம். மொத்தம் 60 நொடி. நான்கு அட்டைகளில் இது 30 நொடியாகும். எட்டு அட்டைகளில் 25 நொடி. மாறாக, நான்கு அட்டைகளை வைத்துக்கொண்டு ஆயத்தத்தை 14 நொடியில் முடிக்கும் செயலியைப் பொருத்தினால் 24 நொடி போதும். ஜீன் அம்டால் 1967இல் முன்வைத்த, அம்டால் விதி என அறியப்படும் கருத்து இதுவே.

ஒரு சட்டகத்திற்குப் பல மணித்துளிகள் எடுக்கும் நிலைப்படங்களில் இவ்வேறுபாடு புறக்கணிக்கத்தக்கது. அசைபடங்களில் ஒவ்வோர் அட்டைக்கும் தனிச் சட்டகத்தை அளித்து இக்காத்திருப்பைக் குறைக்கும் முறையும் உண்டு. அப்போது கூடுதல் கோர்கள் உண்மையிலேயே பயன்படும். ஆனால் முதன்மை நினைவகத் தேவை பன்மடங்காகும்.

மின்சாரமும் வெப்பமும்

விழுப்புரம், திண்டிவனம் போன்ற ஊர்களில் தெரிவைக் கட்டுப்படுத்துவது பெரும்பாலும் சுவரிலுள்ள மின்செருகியே. 450 வாட்டு அட்டைகள் நான்கும் 350 வாட்டுச் செயலி ஒன்றும் முழுவேகத்தில் 2,150 வாட்டு கொள்ளும். 230 வோல்ட்டில் இது 9 ஆம்பியருக்கு மேல். வீடுகளிலுள்ள 6 ஆம்பியர் செருகி தாங்காது, 16 ஆம்பியர் இணைப்பு வேண்டும். ஒரு கிலோவோல்ட்-ஆம்பியர் யூபிஎஸ்சும் இதற்குப் பயன்படாது. இம்மின்சாரம் முழுவதும் வெப்பமாக அறைக்குள்ளேயே வெளிப்படுவதால், அக்கினி நட்சத்திர நாட்களில் குளிரூட்டியின் மின்தேவையையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். அட்டைகளின் மின் உச்சவரம்பைக் குறைத்து இயக்கலாம்; குறையும் மின்சாரத்தின் விகிதத்திற்கு வேகம் குறைவதில்லை.