சாக்கடையைத் தெளிய வைத்தவர் தஞ்சாவூருக்கு வந்த கதை

ஐப்பசி மழை பிடிச்சதும் எங்க ஓபி கூட்டமே மாறிடும். வயித்துப்போக்கு, டைபாய்டு, மஞ்சள் காமாலை. "தண்ணியைக் கொதிக்க வெச்சுக் குடிங்கம்மா"ன்னு சொல்லி அனுப்பிடுவோம். அந்தக் கிருமி தண்ணிக்குள்ள எப்படி வந்துச்சுன்னு கேட்டுக்கிட்டே போனா ஒரு நல்ல வரலாறு கிடைக்குது. கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா வாங்க.

1914 ஏப்ரல். இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரம். எட்வர்ட் ஆர்டர்ன், வில்லியம் லாக்கெட் என்ற ரெண்டு வேதியியலாளர்கள் ஒரு கட்டுரை வாசிக்கிறாங்க. அவங்க செஞ்சது ரொம்ப எளிமையான சோதனை. சாக்கடைத் தண்ணியை பாட்டில்ல ஊத்திக் காத்தை ஊதினாங்க. முழுசா சுத்தமாக சுமார் அஞ்சு வாரம் ஆச்சு. அதுக்கப்புறம்தான் விஷயமே. தெளிஞ்ச தண்ணியை மட்டும் இறுத்துட்டு, அடியில தங்கின கசடைக் கொட்டாம வெச்சுக்கிட்டாங்க. அது மேலயே புதுச் சாக்கடையை ஊத்தி மறுபடியும் காத்து. ஒவ்வொரு தடவையும் நேரம் குறைஞ்சு, கடைசியில மணிக்கணக்குல வேலை முடிஞ்சுது. நம்ம வீட்டு உறைமோர் கணக்குதான். அந்தக் கசடுக்கு அவங்க வெச்ச பேர் ஆக்டிவேட்டட் ஸ்லட்ஜ்.

இன்னிக்கும் பெரிய ஊர்களின் சுத்திகரிப்பு நிலையங்கள் பலதும் இந்த முறையிலதான் ஓடுது. முதல் தொட்டியில காத்து. அடுத்தது கிளாரிஃபையர். அங்கே காத்து கிடையாது, தண்ணி சில மணி நேரம் அலுங்காம நகரும். கசடு பஞ்சு மாதிரி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கீழே இறங்கும். தெளிஞ்சது மேலே வழிஞ்சு போகும். கீழே தங்கினதுல பெரும்பகுதியை பம்ப் போட்டு முதல் தொட்டிக்கே திருப்பி அனுப்பணும். கசடு கீழே இறங்க மாட்டேன்னு அடம்பிடிச்சா அவ்வளவும் ஆத்துக்குத்தான்.

ஆர்டர்னுக்கும் லாக்கெட்டுக்கும் வழிகாட்டியா இருந்தவர் கில்பர்ட் ஃபௌலர். அவர் 1916-ல பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்குப் பேராசிரியரா வந்துட்டார். மான்செஸ்டர் சாக்கடை ஆராய்ச்சிக்கு இப்படித்தான் நம்ம பக்கத்துல ஒரு வீடு கிடைச்சுது.

ஃபௌலர் போன பிறகும் அங்கே அந்த வேலை நிக்கலை. 1942-ல எஸ்.சி.பிள்ளை, வி.சுப்ரமண்யன் ரெண்டு பேரும் 'நேச்சர்' இதழில் ஒரு குறிப்பு எழுதுறாங்க. அதுவரைக்கும் பாக்டீரியாவுக்குத்தான் எல்லாப் பெருமையும். இவங்க மைக்ராஸ்கோப்புல பார்த்தது வேற. தண்டு மேல குட்டி மணி கவுத்து வெச்ச மாதிரி இருக்கும் எபிஸ்டைலிஸ் என்ற ஒற்றைச் செல் பிராணி. உண்மையான உழைப்பாளி இதுதான்னு சொன்னாங்க.

கொஞ்சம் அதிகமாவே சொல்லிட்டாங்கன்னுதான் எனக்குத் தோணுது. கரைஞ்ச அழுக்கைத் தின்கிறதுல பாக்டீரியாவுக்குத்தான் பெரிய பங்குன்னு இப்போ தெரியும். ஆனா தண்ணி கண்ணாடி மாதிரி தெளியுறதுல அவங்க சொன்னது சரி. கசடுல ஒட்டாம தனியா மிதக்குற பாக்டீரியாவை இந்தப் பிராணிகள்தான் சுழிச்சு இழுத்துத் தின்னுது. 1968-ல இங்கிலாந்துல காலின் கர்ட்ஸ் குழு இந்தப் பிராணிகளே இல்லாம தொட்டிகளை ஓட்டிப் பார்த்தாங்க. தண்ணி கலங்கியே வந்துச்சு. பிராணிகளைச் சேர்த்ததும் தெளிஞ்சுது. ஈ.கோலை மாதிரி கிருமிகளும் இப்படித்தான் குறையுது. என் ஓபி-க்கும் கிளாரிஃபையருக்கும் உறவு இங்கேதான்.

சுப்ரமண்யனை விட்டுடாதீங்க. 1950-ல மைசூர் சி.எஃப்.டி.ஆர்.ஐ.யின் முதல் இயக்குநர் அவர்தான். அந்தக் காலத்துல புழுங்கல் அரிசிக்கு நெல்லை ரெண்டு மூணு நாள் பச்சைத் தண்ணியில ஊறப்போடுவாங்க. காத்து இல்லாம நொதிச்சு, சோத்துல ஒரு வாடை வரும். எங்க அப்பத்தா அந்த வாடை இல்லேன்னா அது சோறே இல்லைன்னு சொல்லும், அது வேற கதை. சுடுதண்ணியில சில மணி நேரத்துலயே ஊறவைக்கிற முறையை அவர் காலத்து மைசூர் கூடம் கொண்டுவந்துச்சு. அப்புறம் அவர் நம்ம டெல்டாவுக்கே வந்தார். 1967-ல திருவாரூர் நவீன அரிசி ஆலையை ஒட்டி ஆரம்பிச்ச ஆராய்ச்சிக்கூடம்தான் நெல் பதன ஆராய்ச்சி மையமா வளர்ந்துச்சு. அதை வளர்த்தெடுத்தவர் அவர். இன்னிக்குத் தஞ்சாவூர் புதுக்கோட்டை ரோட்டுல 'நிஃப்டெம்'னு போர்டு இருக்கே, அதேதான். அந்த ரோட்டுல எத்தனையோ தடவை போயிருக்கேன். இந்த 1942 கதை எனக்குத் தெரியாது.

போன வருஷம் டெல்டாவுல ஒரு ஊருக்கு மருத்துவ முகாம் போனப்போ, பக்கத்துல இருந்த சுத்திகரிப்பு நிலையத்தை எட்டிப் பார்த்தேன். ஆபரேட்டர் தம்பி ஒரு லிட்டர் சிலிண்டர்ல கசடுத் தண்ணியை ஊத்தி அரை மணி நேரம் வெச்சுக் காட்டினார். எவ்வளவு இறங்குதுன்னு பார்க்கிற சோதனை. நம்ம ஈ.எஸ்.ஆர். மாதிரியே இருக்கேன்னு சிரிச்சேன். கசடு இறங்குச்சு. ஆனா மேல நின்ன தண்ணி அரிசி கழுவின தண்ணி மாதிரி.

"ஏன் தம்பி தெளியலை?"

"ராத்திரி புளோயரை நிறுத்திடுறோம் சார். கரண்டு பில்லு தாங்காதுன்னு மேல சொல்லிட்டாங்க."

வெளிக்குழாய் விழுந்த வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் சம்பா நடவு. பொம்பளைங்க முழங்கால் சேத்துல நின்னாங்க. ஒரு பாட்டில்ல அந்தக் கசடை வாங்கிட்டு வந்து, ஒரு மணி நேரத்துக்குள்ள எங்க லேப் மைக்ராஸ்கோப்புல வெச்சேன். ஸ்லைடு மாத்தி ஸ்லைடு, ஆறு ஸ்லைடு தேடினேன். தண்டுகள் இருந்துச்சு. மணி ஒண்ணுகூட இல்லை.