காட்டுப்பன்றிக்கு எந்தப் பொறி? கம்பிச் சுருக்கு மட்டும் வேண்டாம்

ஜாசின், அலோர் காஜா பக்கம் உங்க தாத்தா வீட்டுக் கொல்லையில் மரவள்ளி இருந்தால், காட்டுப்பன்றித் தொல்லை உங்களுக்குப் புதுசில்லை. ஒரே ராத்திரியில் கிழங்கெல்லாம் காலி. செம்பனைக் கன்று என்றால் குருத்தையே தின்றுவிடும். "நாலு கம்பிச் சுருக்கு போட்டா சரியாப் போயிடும்"னு யாராவது சொல்வாங்க. சிக்கலே அங்கேதான்.

மலாயில் 'ஜெராட்' எனப்படும் இந்தச் சுருக்கு, காலில் மாட்டியதும் விலங்கு இழுக்க இழுக்க இறுகும். மாட்டியது பன்றியா, பக்கத்து வீட்டு நாயா என்று கம்பிக்குத் தெரியாது. காட்டோரங்களில் புலிகளும் இதில் சிக்கியிருக்கின்றன. தீபகற்பத்துக் காடுகளில் மிஞ்சியிருப்பவை 150க்கும் குறைவு. 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி ஜெராட் வைப்பது குற்றம். அபராதம், சிறை இரண்டும் உண்டு.

கூண்டுப்பொறி பரவாயில்லை. நாய் மாட்டினால் கதவைத் தூக்கி விட்டுவிடலாம். ஆனால் காலை, மாலை போய்ப் பார்க்கணும். வெயிலில் தண்ணீரில்லாமல் எந்த உயிரையும் போட்டு வைக்கக் கூடாது. காட்டுப்பன்றியைப் பிடிக்க வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் உரிமமும் வேண்டும். பன்றிகள் கூட்டமாக வருபவை. ஒன்று மாட்டினால் மற்றவை உஷாராகிவிடும்.

அதனால் சின்னக் கொல்லைக்கு வேலிதான் நல்லது. வலையின் அடிப்பகுதியை மண்ணில் புதையுங்க. இல்லையென்றால் மூக்காலேயே கிளறி உள்ளே வந்துவிடும்.

யாரோ வைத்த ஜெராட் கண்ணில் பட்டால் கை வைக்காதீங்க. இடத்தைக் குறித்து, படம் எடுத்து பெர்ஹிலித்தானுக்குச் சொல்லுங்க. விலங்கு மாட்டியிருந்தால் கிட்டவே போகாதீங்க.