பென்னைன் வழி: ஈடேல் – குரோடன் பகுதி

ஈடேல் – குரோடன் பகுதி என்பது இங்கிலாந்தின் பென்னைன் வழி என்னும் நெடுந்தொலைவு நடைபாதையின் முதற் பகுதியாகும். டார்பிஷயர் மாவட்டத்தில் உள்ள ஈடேல் சிற்றூரில் தொடங்கி, கிண்டர் ஸ்கவுட், பிளீக்லோ ஆகிய இரு மேட்டுநிலங்களைக் கடந்து, லாங்டென்டேல் பள்ளத்தாக்கிலுள்ள குரோடனில் இது முடிவடைகின்றது. இதன் நீளம் ஏறத்தாழ 26 கிலோமீட்டர். நடப்பவர்கள் வழக்கமாக இதனை ஒரே நாளில் கடக்கின்றனர். பாதையின் பெரும்பகுதி சதுப்பான மூர் நிலத்தின் ஊடாகச் செல்கின்றது. பொதிக்குதிரை வழிகள், எல்லைச் சிலுவைக் கல், பழைய சாலைகள், வானூர்தி விபத்து நடந்த இடங்கள் எனப் பல வரலாற்றுச் சின்னங்கள் இதன் அருகில் உள்ளன. 1932 ஆம் ஆண்டில் நடந்த கிண்டர் கூட்டு அத்துமீறல் காரணமாக, பிரித்தானியாவில் திறந்த வெளிகளில் நடக்கும் உரிமையின் வரலாற்றில் இப்பகுதிக்குத் தனி இடம் உண்டு.

அமைவிடமும் நிலவியலும்

இப்பகுதி பீக் மாவட்டத் தேசியப் பூங்காவின் வடபாதியில் அமைந்துள்ளது. 1951 ஆம் ஆண்டு ஏப்ரல் 17 இல் நிறுவப்பட்ட இப்பூங்கா, ஐக்கிய இராச்சியத்தின் முதலாவது தேசியப் பூங்கா ஆகும். மேற்கே மான்செஸ்டர் நகரமும் கிழக்கே ஷெபீல்டு நகரமும் உள்ளன. இரண்டு பெரும் தொழில் நகரங்களுக்கு நடுவே மரங்களற்ற இந்த உயர்நிலம் கிடக்கின்றது. இங்குள்ள கரிய பாறையின் நிறத்தைக் கொண்டு இது "இருண்ட பீக்" எனவும் அழைக்கப்படுகின்றது.

அடிநிலத்தில் இருப்பது கார்பனிபெரசுக் காலத்தைச் சேர்ந்த கரடுமுரடான மணற்கல் ஆகும். முற்காலத்தில் திரிகைக் கற்கள் செய்யப் பயன்பட்டதால் இது "ஆலைக்கல்" வகை மணற்கல் எனப் பெயர் பெற்றது. இப்பாறை நீரை எளிதில் உட்செல்ல விடுவதில்லை. மழையும் பனிமூட்டமும் மிகுந்த இந்நிலத்தில் இறந்த தாவரங்கள் முழுமையாக மக்குவதில்லை. அவை நீரில் ஊறியபடியே பல ஆயிரம் ஆண்டுகளாகப் படிந்து, பீட் எனப்படும் முற்றா நிலக்கரி மண்ணாக மாறியுள்ளன. நல்ல நிலையிலுள்ள சதுப்பில் பீட் ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் மட்டுமே வளர்கின்றது. இம்மண் சில இடங்களில் பல மீட்டர் ஆழம் கொண்டது. மழைநீர் இதனை அறுத்துச் செல்வதால் உண்டாகும் கிளைத்த பள்ளங்கள் உள்ளூர் வழக்கில் "குரஃப்" எனப்படுகின்றன. மூடுபனி நாட்களில் இப்பள்ளங்களுக்குள் இறங்கி ஏறுபவர்கள் திசை தவறுவது எளிது.

பாதையின் விவரிப்பு

ஈடேலில் இருந்து கிண்டர் லோ வரை

பாதை ஈடேலில் உள்ள "ஓல்ட் நாக்ஸ் ஹெட்" என்னும் பழைய விடுதியின் அருகில் தொடங்குகின்றது. 1894 இல் திறக்கப்பட்ட இருப்புப்பாதை வழியே மான்செஸ்டரில் இருந்தும் ஷெபீல்டில் இருந்தும் தொடர்வண்டியில் ஈடேலை அடையலாம். தொழிலாளர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் பெருமளவில் இங்கு வரத் தொடங்கியதற்கு இந்த இருப்புப்பாதை ஒரு முக்கிய காரணமாகும்.

வயல்களைக் கடந்து அப்பர் பூத் என்னும் சிற்றூரின் வழியாக நோ ஆற்றின் தலைப்பகுதியை அடையும் பாதை, அங்குள்ள சிறிய கற்பாலத்தைத் தாண்டி "யாக்கோபின் ஏணி" என்னும் செங்குத்தான ஏற்றத்தில் ஏறுகின்றது. பெயர் விவிலியத்தை நினைவூட்டினாலும், 18 ஆம் நூற்றாண்டில் அருகில் வாழ்ந்த ஜேக்கப் மார்ஷல் என்பவர் இங்கு படிகளை வெட்டியதால் இப்பெயர் வந்ததாகக் கூறப்படுகின்றது. பொதி சுமந்த குதிரைகள் வளைந்து செல்லும் வழியில் மெதுவாக ஏற, அவற்றை ஓட்டி வந்தவர்கள் நேர்வழியில் படிகளில் ஏறினர்.

ஏற்றத்தின் முடிவில், பாதையில் இருந்து சற்று மேற்கே விலகி ஈடேல் சிலுவை நிற்கின்றது. இடைக்காலத்தில் "பீக் வனம்" எனப்பட்ட அரச வேட்டைக்காட்டின் உட்பிரிவுகளுக்கு எல்லைக்குறியாக இருந்த கல் இது. பின்னாளில் விழுந்து கிடந்த இக்கல் 1810 ஆம் ஆண்டில் மீண்டும் நிறுத்தப்பட்டது. அந்த ஆண்டு கல்லிலேயே பொறிக்கப்பட்டுள்ளது.

சிலுவைப் பிரிவில் இருந்து வடக்கே திரும்பும் பாதை, 633 மீட்டர் உயரமுள்ள கிண்டர் லோவை அடைகின்றது. கிண்டர் ஸ்கவுட்டின் மிக உயர்ந்த புள்ளி 636 மீட்டர் ஆகும். டார்பிஷயரிலும் பீக் மாவட்டத்திலும் இதுவே மிக உயரமானது. எனினும் அது பாதையில் இருந்து விலகி, மேட்டுநிலத்தின் உட்பகுதியில் உள்ளதால் பெரும்பாலானோர் அதனைக் காணாமலே கடந்து செல்கின்றனர்.

கிண்டர் அருவியில் இருந்து சாலை வரை

மேற்கு விளிம்பை ஒட்டிச் செல்லும் பாதை கிண்டர் அருவியை அடைகின்றது. ஏறத்தாழ 30 மீட்டர் உயரமுள்ள இது பீக் மாவட்டத்தின் மிக உயரமான அருவியாகும். வலிமையான மேற்குக் காற்று வீசும்போது விழும் நீர் மீண்டும் மேல்நோக்கித் தூக்கி எறியப்படும். அந்த நீர்த்துளி மேகத்தைப் பல கிலோமீட்டர் தொலைவில் இருந்தும் காணலாம். கடுங்குளிர் காலத்தில் அருவி உறைந்துவிடும். அருவிக்குக் கீழே "கடற்கன்னிக் குளம்" என்னும் சிறு குட்டை உள்ளது. ஈஸ்டர் திருநாளுக்கு முந்தைய இரவில் அங்கு கடற்கன்னி தோன்றுவாள் என்பது உள்ளூர்க் கதை.

அருவியைக் கடந்தபின் பாதை ஆஷப் ஹெட் கணவாயில் இறங்குகின்றது. ஹேஃபீல்டு ஊரில் இருந்து வில்லியம் கிளஃப் ஓடைப்பள்ளம் வழியாக வரும் "பாம்புப் பாதை" இங்கு குறுக்கிடுகின்றது. அடைக்கப்பட்டிருந்த இவ்வழி, நடைபாதைப் பாதுகாப்புச் சங்கத்தினரின் முயற்சியால் 1897 இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.

அடுத்து வரும் மில் ஹில் குன்றின் சரிவில் ஓர் அமெரிக்க லிபரேட்டர் குண்டுவீச்சு வானூர்தியின் சிதைவுகள் உள்ளன. 1944 அக்டோபர் 11 இல் அது விழுந்தபோது அதில் இருந்த இருவரும் உயிர் பிழைத்தனர். மில் ஹில்லில் இருந்து வடகிழக்கே ஃபெதர்பெட் மாஸ் என்னும் சதுப்பின் குறுக்கே கற்பலகைப் பாதை செல்கின்றது. இது "பாம்புக் கணவாய்" சாலையை ஏறத்தாழ 510 மீட்டர் உயரத்தில் சந்திக்கின்றது. 1821 இல் திறக்கப்பட்ட இச்சாலைக்கு, வழியிலிருந்த விடுதி ஒன்றின் பெயரே அமைந்தது. டெவன்ஷயர் பிரபுக் குடும்பத்தின் சின்னத்தில் உள்ள பாம்பைக் கொண்டு அவ்விடுதிக்கு அப்பெயர் இடப்பட்டிருந்தது.

பிளீக்லோவும் குரோடனும்

சாலைக்கு அப்பால் பாதை "டாக்டர்ஸ் கேட்" என்னும் பழைய வழியைக் கடக்கின்றது. கிளாசப் அருகிலிருந்த ரோமக் கோட்டையையும் புரோ என்னும் இடத்திலிருந்த கோட்டையையும் இணைத்த ரோமர் சாலையின் தடத்தில் இது அமைந்ததாக நீண்டகாலமாகக் கருதப்பட்டு வருகின்றது. 16 ஆம் நூற்றாண்டில் கிளாசப்பில் சமயக்குருவாக இருந்த ஜான் டால்பட் என்பவரின் பெயரால் இவ்வழி அழைக்கப்படுகின்றது.

பின்னர் "சாத்தானின் அகழி" என்னும் பள்ளத்தின் வழியே பிளீக்லோ உச்சியை (633 மீட்டர்) பாதை அடைகின்றது. பாதைக்கு மேற்கே, ஹையர் ஷெல்ஃப் ஸ்டோன்ஸ் என்னும் பாறைகளின் அருகே, அமெரிக்க வான்படையின் பி-29 வானூர்தி ஒன்று 1948 நவம்பர் 3 அன்று மேகமூட்டத்தில் மோதி நொறுங்கியது. அதில் சென்ற 13 பேரும் உயிரிழந்தனர். இயந்திரங்களும் உலோகத் துண்டுகளும் இன்றும் பீட் மண்ணில் சிதறிக் கிடக்கின்றன. அங்கு நினைவுக் கல் ஒன்றும் நிறுவப்பட்டுள்ளது.

உச்சியில் இருந்து டார்சைடு ஓடைப்பள்ளத்தின் விளிம்பை ஒட்டி இறங்கும் பாதை, லாங்டென்டேல் பள்ளத்தாக்கை அடைகின்றது. இங்குள்ள நீர்த்தேக்கத் தொடர், மான்செஸ்டர் நகருக்குக் குடிநீர் வழங்குவதற்காகப் பொறியாளர் ஜான் ஃபிரெடெரிக் பேட்மனால் 1848 இல் தொடங்கப்பட்டு 1877 வரை கட்டப்பட்டது. மான்செஸ்டரையும் ஷெபீல்டையும் இணைத்த பழைய வுட்ஹெட் இருப்புப்பாதை 1981 இல் மூடப்பட்டது. அதன் தடம் இன்று நடைபாதையாகப் பயன்படுகின்றது. டார்சைடு அணையைக் கடந்ததும் குரோடனில் இப்பகுதி முடிவடைகின்றது.

நடக்கும் உரிமைக்கான போராட்டம்

20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிண்டர், பிளீக்லோ மேட்டுநிலங்கள் பெரும்பாலும் பொதுமக்கள் நுழைய முடியாதவையாக இருந்தன. நில உடைமையாளர்கள் கிரவுஸ் என்னும் காட்டுக்கோழியினப் பறவையைச் சுடுவதற்காக இந்நிலத்தைப் பேணினர். ஆண்டில் சில நாட்களே வேட்டை நடைபெற்றாலும், ஆண்டு முழுவதும் காவலர்கள் நடப்பவர்களைத் திருப்பி அனுப்பினர்.

1932 ஏப்ரல் 24 ஆம் நாள், பிரித்தானியத் தொழிலாளர் விளையாட்டுக் கூட்டமைப்பைச் சேர்ந்த இளைஞர்கள் ஹேஃபீல்டு அருகிலுள்ள பவுடன் பாலம் கற்சுரங்கத்தில் கூடினர். மான்செஸ்டரைச் சேர்ந்த 20 வயதான பென்னி ராத்மன் இவர்களுக்குத் தலைமை தாங்கினார். ஏறத்தாழ 400 பேர் கலந்துகொண்டதாகப் பொதுவாகக் குறிப்பிடப்படுகின்றது. இவர்கள் வில்லியம் கிளஃப் வழியாக ஏறி, பின்னர் பாதையை விட்டு விலகித் தடைசெய்யப்பட்ட சரிவில் ஏறினர். அங்கு காவலர்களுடன் கைகலப்பு ஏற்பட்டது. மேலே, ஈடேல் பக்கத்தில் இருந்து வந்த மற்றொரு குழுவினரைச் சந்தித்துத் திரும்பினர். ஊருக்குள் வந்தபோது சிலர் கைது செய்யப்பட்டனர். டார்பியில் நடந்த வழக்கில் ஐவருக்கு இரண்டு முதல் ஆறு மாதங்கள் வரை சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. ராத்மன் நான்கு மாதத் தண்டனை பெற்றார்.

நடைச் சங்கங்களின் அதிகாரபூர்வ அமைப்புகள் இந்நிகழ்வை முதலில் ஆதரிக்கவில்லை. பேச்சுவார்த்தைக்கு இது இடையூறாகும் என அவை கருதின. ஆயினும் தண்டனையின் கடுமை பொதுமக்களிடையே அனுதாபத்தை உண்டாக்கியது. அதே ஆண்டில் காசில்டன் அருகிலுள்ள வினட்ஸ் கணவாயில் நடந்த கூட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் கலந்துகொண்டனர். போராட்டத்தில் பங்குகொண்ட பாடகர் யூவன் மெக்கால் இயற்றிய "மான்செஸ்டர் ராம்ப்ளர்" என்னும் பாடல் இன்றளவும் பாடப்படுகின்றது.

1935 இல் செய்தியாளர் டாம் ஸ்டீபன்சன், பென்னைன் மலைத்தொடர் முழுவதும் செல்லும் ஒரு நீண்ட பாதை வேண்டும் என நாளிதழில் எழுதினார். 1949 ஆம் ஆண்டின் தேசியப் பூங்காக்கள் சட்டம் அதற்கு வழிவகுத்தது. ஈடேலில் இருந்து ஸ்காட்லாந்தின் கிர்க் யெத்தம் வரை ஏறத்தாழ 431 கிலோமீட்டர் நீளும் பென்னைன் வழி, 1965 ஏப்ரல் 24 அன்று திறக்கப்பட்டது. கூட்டு அத்துமீறல் நடந்து அன்றுடன் சரியாக 33 ஆண்டுகள் நிறைவடைந்திருந்தன. 2000 ஆம் ஆண்டின் நாட்டுப்புற மற்றும் வழியுரிமைச் சட்டம், இங்கிலாந்திலும் வேல்சிலும் குறிப்பிட்ட திறந்த வெளிகளில் பாதையை விட்டு விலகியும் நடக்கும் உரிமையை வழங்கியது. 2002 இல் நடந்த 70 ஆம் ஆண்டு நிறைவு நிகழ்வில், 11 ஆவது டெவன்ஷயர் பிரபு தம் பாட்டனார் காலத்துச் செயலுக்காக வருத்தம் தெரிவித்தார். ராத்மன் அதே ஆண்டின் தொடக்கத்தில் காலமாகியிருந்தார்.

பீட் நிலத்தின் அழிவும் மீட்பும்

ஆரோக்கியமான சதுப்பை உருவாக்குவது ஸ்பாக்னம் என்னும் பாசியாகும். இது தன் எடையைவிடப் பல மடங்கு நீரைத் தேக்கி வைக்கும். தொழிற்புரட்சிக் காலம் முதல் மான்செஸ்டர், ஷெபீல்டு பகுதிகளின் ஆலைப்புகையில் இருந்த கந்தக மாசு, காற்றின் வழியே இம்மேட்டில் படிந்து ஸ்பாக்னம் பாசியை அழித்தது. அளவுக்கு மீறிய ஆட்டு மேய்ச்சலும் கோடைக்காலத் தீவிபத்துகளும் எஞ்சிய தாவரங்களை அழித்தன. போர்வையை இழந்த கரிய பீட் மண் வெயிலில் காய்ந்து, மழையில் கரைந்து, நீர்த்தேக்கங்களில் சென்று படிந்தது.

பென்னைன் வழி திறந்தபின் நடப்பவர்களின் காலடிகளும் இதனுடன் சேர்ந்துகொண்டன. சேற்றைத் தவிர்க்க ஒவ்வொருவரும் ஓரமாக ஒதுங்கி நடந்ததால், ஒற்றையடிப் பாதை பல மீட்டர் அகலமுள்ள சேற்றுப் பட்டையாக விரிந்தது. முதலில் கிரைண்ட்ஸ் புரூக் ஓடை வழியே ஏறி மேட்டுநிலத்தின் நடுவே சென்ற அதிகாரபூர்வ வழி, இதன் காரணமாகப் பின்னர் யாக்கோபின் ஏணி வழிக்கு மாற்றப்பட்டது.

மிக மோசமாகச் சிதைந்த இடங்களில் பெரிய கற்பலகைகள் பதிக்கப்பட்டன. இவற்றுள் பல, வடஇங்கிலாந்தில் மூடி இடிக்கப்பட்ட நெசவாலைகளின் தரைக்கற்கள் ஆகும். அவை உலங்கு வானூர்தி மூலம் மேலே கொண்டுவரப்பட்டன. ஆலைத் தொழிலாளர்கள் நடக்கப் போராடிய மேட்டுநிலத்தை ஆலைகளின் புகை சிதைத்தது. அவ்வாலைகளின் கற்களே இன்று நடப்பவர்களின் எடையைத் தாங்கி அச்சதுப்பைக் காக்கின்றன. கற்கள் பதித்தபின் இருபுறமும் பருத்திப்புல் மீண்டும் வளர்ந்துள்ளது.

2003 இல் பிளீக்லோவில் பெரும் தீ பரவியது. அதே ஆண்டில் "மூர்ஸ் ஃபார் தி ஃபியூச்சர்" என்னும் கூட்டமைப்பு பணியைத் தொடங்கியது. வெட்டிய ஹெதர் செடிகளை வெற்று மண்ணின்மீது பரப்புதல், புல் விதைத்தல், பள்ளங்களுக்குக் குறுக்கே சிறு தடுப்பணைகள் அமைத்து நீர்மட்டத்தை உயர்த்துதல், ஸ்பாக்னம் நாற்றுகளைக் கையால் நடுதல் ஆகியவை இதன் பணிகளாகும். கிண்டர் நிலத்தை 1982 இல் தேசிய அறக்கட்டளை வாங்கியது. 2009 இல் அது தேசிய இயற்கை ஒதுக்ககமாக அறிவிக்கப்பட்டது. பீட் மண் பெருமளவு கரிமத்தைத் தேக்கி வைப்பதால், அது காய்ந்து சிதையும்போது கரியமில வாயு வெளியேறுகின்றது. எனவே இம்மீட்புப் பணி காலநிலை மாற்றம் தொடர்பிலும் முக்கியத்துவம் பெறுகின்றது.

உயிரினங்கள்

கோடையின் தொடக்கத்தில் பருத்திப்புல்லின் வெண்பஞ்சுக் கதிர்களும், ஆகஸ்ட் மாதத்தில் ஹெதர் செடிகளின் ஊதா மலர்களும் மேட்டுநிலத்தை மூடுகின்றன. சிவப்புக் கிரவுஸ், பொன்னிற உப்புக்கொத்தி ஆகிய பறவைகள் இங்கு காணப்படுகின்றன. குளிர்காலத்தில் வெண்ணிறமாக மாறும் மலை முயல், இங்கிலாந்தில் பீக் மாவட்டத்தில் மட்டுமே வாழ்கின்றது.

நடப்பவர்கள் கவனிக்க வேண்டியவை

உயரம் குறைவாயினும் இப்பகுதி எளிதானதன்று. வானிலை விரைவாக மாறும். மூடுபனியில் அடையாளங்கள் மறைந்துவிடும். நிலப்படமும் திசைகாட்டியும் அவற்றைப் பயன்படுத்தும் பயிற்சியும் தேவை. சாலைக்கும் குரோடனுக்கும் இடையே தங்குமிடம் எதுவும் இல்லை. கற்பலகைகள் உள்ள இடங்களில் அவற்றின்மீதே நடப்பது சதுப்பைக் காக்கும். வறண்ட காலத்தில் தீ மூட்டுதல் கூடாது. வானூர்திச் சிதைவுகளில் இருந்து எதனையும் எடுத்துச் செல்லலாகாது.

இவற்றையும் பார்க்க

பென்னைன் வழி
பீக் மாவட்டத் தேசியப் பூங்கா
கிண்டர் கூட்டு அத்துமீறல்
சதுப்பு நிலம்