புல்தரையில் குளோவர்: விதைத்த செடி களையான வரலாறு

வெள்ளைக் குளோவர் என்பது அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த, தரையோடு படர்ந்து வளரும் சிறு பூண்டு ஆகும். இதன் தாவரவியல் பெயர் டிரைஃபோலியம் ரெபென்ஸ். மூன்று மூன்றாக அமைந்த சிற்றிலைகளும் வெண்ணிறப் பூங்கொத்துகளும் கொண்டது. ஐரோப்பாவிலும் மத்திய ஆசியாவிலும் இயல்பாக வளரும் இச்செடி, ஐரோப்பியக் குடியேறிகளுடன் வட அமெரிக்காவுக்குச் சென்று பரவியது. இன்று அமெரிக்க வீட்டுப் புல்தரைகளில் நீக்கவேண்டிய களைகளுள் ஒன்றாகப் பலர் இதைக் கருதுகின்றனர். ஆனால் 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இதன் விதையைப் புல் விதையோடு கலந்து காசு கொடுத்து வாங்கி விதைத்தனர். இடைப்பட்ட காலத்தில் செடி மாறவில்லை. களையை அழிக்கும் முறைதான் மாறியது.

புல்தரையின் பரவல்

சீராக வெட்டப்பட்ட புல்தரை நெடுங்காலம் ஐரோப்பியச் செல்வர்களின் மாளிகைகளுக்கே உரியதாக இருந்தது. ஆடுகளை மேயவிட்டோ, நீண்ட பிடியுள்ள அரிவாளால் ஆட்களைக் கொண்டு வெட்டியோ அதைப் பராமரித்தனர். 1830இல் இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் பகுதியைச் சேர்ந்த எட்வின் பட்டிங் புல்வெட்டும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். துணியின் மேற்பரப்பைச் சீராக்கும் ஆலை இயந்திரமே அவருக்கு முன்மாதிரி. இவ்வகை இயந்திரங்கள் மலிவான பிறகு நடுத்தரக் குடும்பங்களும் புல்தரை வைத்துக்கொள்ள முடிந்தது.

அமெரிக்காவில் ஃபிராங்க் ஸ்காட் 1870இல் புறநகர் வீட்டுத் தோட்டங்களை அழகுபடுத்துவது குறித்து ஒரு நூல் வெளியிட்டார். வீட்டின் முன்புறத்தை வேலியிட்டு மறைக்காமல், தெருவில் செல்வோரும் காணுமாறு திறந்து வைக்கவேண்டும் என்று அவர் வலியுறுத்தினார். இக்கருத்து பரவியபோது, ஒரு வீட்டின் புல்தரை அக்கம்பக்கத்தார் அனைவரும் மதிப்பிடும் பொருளாயிற்று.

குளோவர் ஏன் விரும்பப்பட்டது?

அவரைக் குடும்பச் செடிகளின் வேர் முடிச்சுகளில் வாழும் ரைசோபியம் பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைட்ரசனைச் செடிக்குப் பயன்படும் வடிவத்துக்கு மாற்றுகின்றன. 1880களில் செருமானிய அறிவியலர் ஹெர்மன் ஹெல்ரீகல் இதை ஆய்வின் மூலம் நிறுவினார். நம் உழவர்கள் கொழிஞ்சி, சணப்பு, தக்கைப்பூண்டு ஆகியவற்றை விதைத்து மடக்கி உழுவதும் இதே பயனுக்காகத்தான்.

புல்தரையில் குளோவரை மடக்கி உழ வேண்டியதில்லை. அதன் இலையும் வேரும் மட்கும்போது தழைச்சத்து மண்ணில் சேர்ந்து, அருகிலுள்ள புல்லுக்குக் கிடைக்கும். அது வளமற்ற மண்ணிலும் பச்சையாக இருக்கும். தாழ வெட்டினாலும் மீண்டும் தழைக்கும். அக்காலத்தில் டாண்டிலியன் போன்ற களைகளைக் கத்தியால் வேரோடு தோண்டி எடுத்தனர். இரும்பு சல்பேட்டுக் கரைசலையும் தெளித்தனர். கையால் களையெடுப்பவர் எதை விடவேண்டும், எதை எடுக்கவேண்டும் என்று தாமே தெரிவு செய்யலாம். அதனால் குளோவர் தப்பியது.

2,4-டி களைக்கொல்லியின் வருகை

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் தாவர வளர்ச்சி ஊக்கிகளைப் பற்றிய ஆய்வுகள் இரகசியமாக நடந்தன. அவற்றின் விளைவாக 2,4-டி என்ற வேதிப்பொருளின் களைக்கொல்லும் திறன் தெரியவந்தது. இது செடியின் இயற்கை வளர்ச்சி ஊக்கியான ஆக்சினைப் போலச் செயல்படும். அகன்ற இலைச் செடிகள் கட்டுப்பாடின்றி வளர்ந்து, தண்டு முறுக்கிக்கொண்டு மடியும். புல் வகைகள் பெரும்பாலும் பாதிப்பின்றித் தப்பிக்கும். 1944இல் அமெரிக்க வேளாண்மைத் துறையின் ஆய்வாளர்கள் மார்த்தும் மிட்செலும் புல்தரையில் புல்லைக் காத்து டாண்டிலியனை மட்டும் அழிக்க முடியும் என்று காட்டினர். 1945இல் 2,4-டி விற்பனைக்கு வந்தது.

இம்மருந்து செடிகளை நல்லவை, கெட்டவை என்று பிரிப்பதில்லை. அகன்ற இலையுடைய குளோவரும் அதனால் பாதிக்கப்பட்டது. எனினும் 2,4-டி மட்டும் குளோவரை முழுமையாக அழிப்பதில்லை. பெரும்பாலும் அது மீண்டும் துளிர்க்கும். 1950களின் பிற்பகுதியிலும் 1960களிலும் வந்த மெக்கோப்ராப், டைகாம்பா ஆகியவற்றைச் சேர்த்த கலவைகளே அதை உறுதியாக நீக்கின. களைக்கொல்லி தெளிக்கும் தரையில் குளோவரை வளர்க்க இயலாது என்பதால், விதைக் கலவையிலிருந்து அது படிப்படியாக மறைந்தது. முன்பு விதைக்கப்பட்ட செடி, கொல்லப்படவேண்டிய செடிகளின் பட்டியலில் சேர்ந்தது.

உரத்தின் தேவை

குளோவர் நீங்கியதால், அது இலவசமாக அளித்த தழைச்சத்தைப் பையில் அடைத்த உரமாக வாங்க வேண்டியதாயிற்று. போருக்குப் பின் அமெரிக்காவில் செயற்கை நைட்ரசன் உரம் தாராளமாகக் கிடைத்தது. அதே காலத்தில் புறநகர்க் குடியிருப்புகளும் பெருகின. 1947இல் தொடங்கிய நியூயார்க் மாநிலத்தின் லெவிட்டவுனில் வாரம் ஒருமுறை புல் வெட்டவேண்டும் என்பது குடியிருப்போருக்கான விதியாகவே இருந்தது. ஒரே நிறத்தில், ஒரே உயரத்தில் புல் மட்டும் வளரும் தரை பொது அளவுகோலாயிற்று.

எதிர்ப்பும் சட்டமும்

1962இல் ரேச்சல் கார்சனின் 'மௌன வசந்தம்' வெளிவந்தது. வயல்களோடு வீட்டுப் புல்தரைகளில் தெளிக்கப்படும் நஞ்சுகளைப் பற்றியும் அந்நூல் எச்சரித்தது. கனடாவின் கியூபெக் மாகாணத்திலுள்ள ஹட்சன் என்ற சிற்றூரில் தோல்நோய் மருத்துவர் ஜூன் இர்வின் 1980களின் நடுவிலிருந்து நகரமன்றக் கூட்டங்களில் இச்சிக்கலைத் தொடர்ந்து எழுப்பினார். 1991இல் அந்நகரமன்றம் அழகுக்காக மட்டும் பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி தெளிப்பதைத் தடை செய்தது. இரண்டு நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. 2001 ஜூன் 28 அன்று கனடா உச்சநீதிமன்றம் நகரமன்றத்துக்கு அந்த அதிகாரம் உண்டு என்று தீர்ப்பளித்தது. 2009இல் ஒன்றாரியோ மாகாணம் முழுவதும் இத்தகைய தடை நடைமுறைக்கு வந்தது.

2015இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2,4-டியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்புள்ள பொருள்களின் வரிசையில் சேர்த்தது. அங்குள்ள சான்றுகள் முழுமையானவை அல்ல என்பதையும் இவ்வகைப்பாடு குறிக்கிறது. பல நாடுகளில் அதன் பயன்பாடு தொடர்கிறது.

இன்றைய நடைமுறை

2019இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம், வீட்டுப் புல்தரைகளைத் தேனீக்களுக்கு உகந்த இடங்களாக மாற்ற உதவித்தொகை ஒதுக்கியது. அங்குப் பரிந்துரைக்கப்படும் தேனீப் புல்தரைக் கலவையில் வெள்ளைக் குளோவரும் இடம்பெறுகிறது. தேனீக் கொட்டுக்கு ஒவ்வாமை உள்ளவர்கள், வெறுங்காலோடு விளையாடும் குழந்தைகள் உள்ள வீடுகளில் பூக்கும் முன்பே வெட்டிவிடுவது பாதுகாப்பானது.

குளோவர் வேண்டாம் என்போருக்கும் மருந்தில்லா வழிகள் உள்ளன. தழைச்சத்துக் குறைந்த மண்ணில் குளோவர் புல்லை எளிதில் முந்துகிறது. ஆகவே மண்ணுக்கு மட்கு உரம் இடுவதும், புல்லை சுமார் 7 அல்லது 8 செ.மீ. உயரத்துக்கு விட்டு வெட்டுவதும், வெற்றிடங்களில் புல் விதை தூவுவதும் புல்லுக்கு வலுச் சேர்க்கும். சிறு திட்டுகளை, கணுக்களில் வேர்விட்ட தண்டுகளோடு சேர்த்துக் கையால் பிடுங்கலாம். வெட்டிய புல்லைத் தரையிலேயே விட்டாலும் அதிலுள்ள சத்து மண்ணுக்குத் திரும்பும்.