ஃபைப்ரில்லினைத் தேடிப்போன ஆன்டிபாடி

அந்த ஆன்டிபாடியின் பிறப்பு ஒரு சுண்டெலியின் மண்ணீரலில். அந்நியப் புரதத்தை எலிக்கு ஊசியில் ஏற்றினால், சில வாரங்களில் அதன் பி-செல்கள் அந்தப் புரதத்தைப் பற்றிக்கொள்ளும் ஆன்டிபாடிகளைச் சுரக்கும். ஒவ்வொரு செல்லின் ஆன்டிபாடியும் புரதத்தின் வெவ்வேறு இடத்தைப் பிடிக்கும். ரத்தத்தில் எல்லாம் கலந்தே கிடைக்கும். தனியே எடுத்த பி-செல்லோ வளர்ப்புத் தட்டில் வெகுநாள் தங்காது. 1975இல் கேம்பிரிட்ஜில் ஜார்ஜ் கோலரும் சீசர் மில்ஸ்டைனும் இதற்கு வழி கண்டார்கள். பி-செல்லை, ஓயாமல் பெருகும் மைலோமா புற்றுச்செல்லோடு இணைத்தார்கள். அப்படி உருவான ஹைப்ரிடோமா புற்றுச்செல்லைப் போலப் பெருகியது. பி-செல்லைப் போல ஒரே வகை ஆன்டிபாடியைச் சுரந்தது. அதுதான் மோனோகுளோனல் ஆன்டிபாடி. 1984இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

அந்த முறையில் பிறந்த ஆன்டிபாடிகளில் சில, அமெரிக்காவின் போர்ட்லண்டில் ஆய்வாளர் லின் சகாயிடம் வேலைக்கு வந்தன. அவரோடு எலக்ட்ரான் நுண்ணோக்கியில் தேர்ந்த டக்ளஸ் கீனும், 1971இல் பீட்டர் பெர்ல்மானுடன் சேர்ந்து எலிசா சோதனையை உருவாக்கிய ஈவா எங்வாலும் இந்த ஆய்வில் சேர்ந்திருந்தார்கள். செல்களுக்கு வெளியே உள்ள சட்டகத்தில், மீள்தன்மை கொண்ட நார்களைச் சுற்றி 10 நானோமீட்டர் பருமனுள்ள நுண்ணிழைகள் ஓடுவது அப்போதே தெரியும். அவை எதனால் ஆனவை என்பதுதான் கேள்வி. மனித ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் வளர்ந்த திரவத்திலிருந்து சுமார் 3,50,000 டால்டன் எடையுள்ள ஒரு புரதத்தை இந்தக் குழு பிரித்தெடுத்திருந்தது. உடம்பில் அது எங்கே இருக்கிறது என்று கண்டுவரத்தான் ஆன்டிபாடியை அனுப்பினார்கள்.

எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஆன்டிபாடி தானாகக் கண்ணுக்குப் படாது. அது உட்கார்ந்த இடத்தை நுண்ணிய தங்கத் துகள்களால் அடையாளப்படுத்தினார்கள். தங்கம் எலக்ட்ரான்களைச் சிதறடிப்பதால் படத்தில் கரும்புள்ளியாக விழும். அந்தப் புள்ளிகள் கண்டபடி இறைந்து கிடக்கவில்லை. நுண்ணிழை நெடுகச் சீரான இடைவெளியில் வரிசைகட்டி நின்றன. அந்த இழைகளின் பொருளாக அதுவரை சந்தேகிக்கப்பட்ட ஆறாம் வகைக் கொலாஜனின் ஆன்டிபாடிகளோ இந்த இழைகளில் ஒட்டவேயில்லை. 1986இல் புதிய புரதம் ஃபைப்ரில்லின் என்ற பெயரோடு அச்சில் வந்தது. தோல், நுரையீரல், ரத்தக்குழாய், தசைநாண் என்று ஆன்டிபாடி அதைக் காட்டிய இடங்கள் பல. கண்ணின் லென்ஸைத் தூளியைப் போலத் தாங்கும் மெல்லிய இழைகளும் அவற்றில் அடக்கம்.

அந்தப் பட்டியல் ஒரு பழைய நோயின் புதிரைத் தொட்டது. 1896இல் பாரிஸில் அந்துவான் மார்ஃபான், கைகால் விரல்கள் வழக்கத்துக்கு மீறி நீண்டிருந்த ஒரு சிறுமியைப் பற்றி எழுதினார். அவர் பெயரால் வழங்கும் பரம்பரை நோயில் எலும்புகள் நீளும். லென்ஸ் இடம் நழுவும். இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி விரிந்து, கிழிந்து உயிரையே பறிக்கலாம். எலும்புக்கும் கண்ணுக்கும் பெருந்தமனிக்கும் பொதுவாக எது பழுதாக முடியும்?

ஹாலிஸ்டர் என்ற ஆய்வாளரும் சகாயும் சகாக்களும் மார்ஃபான் நோயாளிகளின் தோலில் விடை தேடினார்கள். உறையவைத்த தோலின் மெல்லிய சீவலில் ஆன்டிபாடியை விட்டு, ஒட்டாததைக் கழுவி, எலி ஆன்டிபாடியைப் பற்றும் ஒளிரும் இரண்டாம் ஆன்டிபாடியை மேலே விட்டுப் பார்ப்பதே முறை. நோயற்ற தோலில் இழைகள் அடர்த்தியாக ஒளிர்ந்தன. நோயாளிகளில் பெரும்பாலோரிடம் ஒளி குன்றியிருந்தது. இது 1990இல் வெளியானது. மறு ஆண்டே ஜான்ஸ் ஹாப்கின்ஸின் ஹாரி டீட்ஸும் சகாக்களும் 15ஆம் குரோமோசோமில் உள்ள ஃபைப்ரில்லின் மரபணுவிலேயே பிழையைக் காட்டினார்கள்.

இன்று மார்ஃபானை உறுதிசெய்ய இதய எக்கோவும் கண் பரிசோதனையும் மரபணுச் சோதனையும் இருக்கின்றன. தோலில் ஆன்டிபாடி விட்டுப் பார்க்கும் அவசியமில்லை. ஆனாலும் அதன் வேலை முடிந்துவிடவில்லை. மரபணுச் சோதனை எந்த எழுத்து மாறியது என்று சொல்லும். அந்த மாற்றத்தோடு ஒரு செல் தன்னைச் சுற்றி இழை நெய்கிறதா, நெய்த இழை ஒழுங்காக இருக்கிறதா என்பதை வளர்ப்புத் தட்டில் நேரில் காட்டுவது ஆன்டிபாடிதான். புரதத்தின் ஒரே ஓர் இடத்தை மட்டும் பிடிக்கும் அந்தக் கறார்தான், எலும்பையும் கண்ணையும் பெருந்தமனியையும் ஒரே நோயின் மூன்று முகங்களாகப் புரியவைத்தது. மருத்துவத்துக்கு அது செய்த பெரிய உதவியாக நான் கருதுவது இதையே.