118 ஆண்டுகள் காத்திருந்த பெயர்

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. ஓய்வாக இருக்கும்போது படியுங்கள்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் விலங்கியல் நடத்தியவன் நான். வகைப்பாட்டியல் பாடம் வந்தாலே வகுப்பில் சலிப்பு தட்டும். "சிற்றினம் என்றால் என்ன, துணைச்சிற்றினம் என்றால் என்ன, பெயரை மாற்றினால் பூச்சி மாறிவிடுமா சார்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்ல ஒரு அந்துப்பூச்சியின் வரலாறே போதும்.

அது மடகாஸ்கர் தீவில் வாழ்கிற பருந்து அந்துப்பூச்சி. நம் வீட்டு அரளியிலும் நந்தியாவட்டையிலும் வாலில் கொம்பு வைத்த பருத்த பச்சைப் புழுவைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் இதே குடும்பம்தான். அறிவியலில் ஸ்பிஞ்சிடே என்பார்கள். புழு தலையைத் தூக்கி அசையாமல் இருக்கும் கோலம் எகிப்தின் ஸ்பிங்ஸ் சிலையை நினைவூட்டியதால் வந்த பெயர்.

வரலாறு தொடங்குவது பூச்சியில் அல்ல, ஒரு பூவில். 1862 ஜனவரியில் ஜேம்ஸ் பேட்மேன் என்ற ஆர்க்கிட் ஆர்வலர் சார்லஸ் டார்வினுக்குச் சில பூக்களை அனுப்பிவைத்தார். அவற்றுள் மடகாஸ்கரின் ஆங்கிரேக்கம் செஸ்குவிபெடேலும் ஒன்று. நட்சத்திரம் போல விரிந்த வெள்ளைப் பூ. அதன் பின்னால் வால் போல நீண்டு தொங்கும் தேன்குழல் பதினொன்றரை அங்குலம், அதாவது சுமார் 29 செ.மீ. தேன் இருந்ததோ அடியில் ஒன்றரை அங்குல அளவுக்கு மட்டும். இதை எந்தப் பூச்சியால் உறிஞ்ச முடியும் என்று டார்வின் வியந்துபோனார்.

வியப்போடு நிற்கவில்லை. மெல்லிய உருளை ஒன்றைப் பூவுக்குள் செலுத்திப் பார்த்தார். நன்றாக உள்ளே அழுத்தி, பிறகு வெளியே இழுத்தால்தான் மகரந்தம் ஒட்டிக்கொண்டு வந்தது. ஆகவே தேனின் கடைசிச் சொட்டுக்காகத் தலையை உள்ளே அழுத்துகிற ஒரு பூச்சி வேண்டும். பத்து, பதினோரு அங்குலம் நீளும் உறிஞ்சுகுழல் கொண்ட அந்துப்பூச்சி மடகாஸ்கரில் இருந்தாக வேண்டும் என்று அதே ஆண்டு வெளியான தன் ஆர்க்கிட் நூலில் எழுதினார். பூச்சியியலாளர்கள் சிலர் இதைக் கேலி செய்ததாக 1877 பதிப்பில் அவரே குறிப்பிடுகிறார்.

1867-ல் ஆர்கைல் பிரபு, இத்தகைய பூக்களின் அமைப்பு படைத்தவனின் திட்டத்தையே காட்டுகிறது என்று வாதிட்டார். அதற்கு மறுப்பு எழுதியவர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ். அவர் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குப் போய் அந்துப்பூச்சிகளின் உறிஞ்சுகுழலை அளந்தார். வெப்பமண்டல ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மார்கனி என்ற பூச்சிக்கு ஏழரை அங்குலம் இருந்தது. இன்னும் இரண்டு மூன்று அங்குலம் கூடுதலாக உள்ள பூச்சி மடகாஸ்கரில் இருக்கும், நெப்டியூன் கோளைத் தேடிய வானியலாளர்களைப் போல நம்பிக்கையோடு தேடலாம் என்றார். டார்வின் சொன்னது பூச்சியின் தேவையை. வாலஸ் சொன்னது அதன் குடும்பத்தை. இந்தக் கதையில் வாலஸின் பெயரை நாம் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம்.

டார்வின் 1882-ல் மறைந்தார். 1903-ல் வால்டர் ராத்ஸ்சைல்டும் கார்ல் ஜோர்டானும் பருந்து அந்துப்பூச்சிகளைப் பற்றிய பெருநூலில் மடகாஸ்கர் பூச்சியை விவரித்தார்கள். அப்போது வாலஸுக்கு வயது எண்பது. பூச்சிக்கு வைத்த பெயர் பிரெடிக்டா. லத்தீனில் 'முன்கூட்டியே சொல்லப்பட்டது' என்று பொருள்.

ஆனால் அவர்கள் அதைத் தனிச் சிற்றினமாக்கவில்லை. சாந்தோபான் என்ற புதிய பேரினத்தை அமைத்து, ஆப்பிரிக்க மார்கனியின் துணைச்சிற்றினமாக மடகாஸ்கர் பூச்சியை வைத்தார்கள். வேறுபாடுகள் அவர்கள் கண்ணுக்குத் தெரியாமல் இல்லை. தீவுப் பூச்சி சற்றுப் பெரியது. ஆப்பிரிக்கப் பூச்சிக்கு மார்பும் வயிறும் அடிப்பக்கம் வெள்ளை, இதற்கு இளஞ்சிவப்பு. முன்சிறகின் நுனியில் ஓடும் கறுப்புக் கோடும் இதற்கு அகலம். இருந்தாலும் இவையெல்லாம் ஒரே சிற்றினத்துக்குள் அடங்கும் வேறுபாடுகள் என்று கருதினார்கள்.

அந்த முடிவு 118 ஆண்டுகள் நின்றது. 2021-ல் பாரிஸ், லண்டன் அருங்காட்சியக ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு உடலமைப்பையும் மரபணுவையும் ஒப்பிட்டது. இரண்டும் தனித்தனிச் சிற்றினங்கள் என்று அறிவித்தது. தீவுப் பூச்சிகளில் ஒன்றின் உறிஞ்சுகுழல் 28.5 செ.மீ. இருந்தது! பறக்கும்போது இதைக் கொசுவர்த்திச் சுருள் போலச் சுருட்டி முகத்தடியில் வைத்துக்கொள்ளும்.

சரி, பெயர் மாறியதால் என்ன ஆயிற்று? பூச்சி மாறவில்லை, அதன் வாழிட வரைபடம் மாறிவிட்டது. துணைச்சிற்றினமாக இருந்தவரை, மடகாஸ்கரில் அழிந்தாலும் "ஆப்பிரிக்காவில் இந்த இனம் இருக்கிறதே" என்று சமாதானம் சொல்லலாம். இப்போது அப்படிச் சொல்ல முடியாது. நடுவே சுமார் 400 கி.மீ. கடல். அந்தப் பக்கம் இருப்பது வேறு பூச்சி. தீவில் அழிந்தால் உலகத்திலேயே அழிந்ததாகும்.

அந்த ஆர்க்கிட் வளர்வது மடகாஸ்கரின் கிழக்குத் தாழ்நிலக் காடுகளில். மலை நெல்லுக்காகவும் மரத்துக்காகவும் வெட்டப்பட்டு, எரிக்கப்பட்டுத் துண்டு துண்டாகிவரும் காடுகள் அவை. ஏழை உழவர்களை மட்டும் குறை சொல்லித் தீர்கிற சிக்கலும் அல்ல. பூச்சி போனால் பூவுக்கு விதை இல்லை. பூவைக் கண்ணாடிக் கூடத்தில் வைத்துக் கையால் மகரந்தம் சேர்க்கலாம். இருட்டில் வந்து தலையை அழுத்தும் அந்த உறவை எந்தக் கூடத்திலும் வளர்க்க முடியாது.

ஒரு பூவைப் பார்த்தே, பார்க்காத பூச்சியைச் சொல்ல முடிந்தது மனித அறிவின் பெருமை. சொன்ன பூச்சியை அடையாளம் கண்ட பிறகு தொலைத்துவிட்டால் அந்தப் பெருமைக்கு என்ன பொருள்?

உங்கள் தோட்டத்தில் கொம்பு வைத்த பச்சைப் புழு இருந்தால் மருந்தடிக்க வேண்டாம். படம் எடுத்து, எந்தச் செடி என்பதையும் சேர்த்துப் பின்னூட்டத்தில் போடுங்கள். என்ன பூச்சி என்று சேர்ந்து பார்ப்போம்.